மூன்று வேளை நடை

கால் முறிந்து பிளாஸ்ரர் போட்டுக்கொண்டு ஒருவர் வீடு திரும்பினால், எங்கள் பக்கத்தில் அவருக்குக் கிடைக்கும் முதல் அன்பு ஒரு கட்டளையாகத்தான் வரும்: "அசையாமல் கிட." பாயில் படுத்தவருக்குக் கட்டில் வரும். ஆட்டுக்கால் சூப்பு வரும். தண்ணீர்ச் செம்பு கைக்கெட்டும் தூரத்துக்கு நகரும். மகள்மாரும் மருமக்களும் எதைக் கேட்டாலும் ஓடிவந்து எடுத்துக் கொடுப்பார்கள். இவ்வளவும் அன்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பிளாஸ்ரரை வெட்டிய பிறகும், எக்ஸ்ரேயைப் பார்த்த நிபுணர் "இனிக் காலை ஊன்றலாம்" என்று சொன்ன பிறகும் அந்தக் கட்டளை வீட்டில் மாறுவதில்லை. என் வேலை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

நான் மட்டக்களப்பில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். நோயாளிகளுக்கு நான் பிசியோ மிஸ். வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்தும் மேற்கே படுவான்கரையிலிருந்தும் வருகிறவர்களில் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள், தென்னையிலிருந்து விழுந்தவர்கள், முழங்கால் தேய்ந்த அம்மம்மாமார், பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்தவர்கள் எல்லோரும் உண்டு. இவர்கள் அனைவரிடமும் நான் சொல்லத் தொடங்கி, வெளியே வரிசை நீளுவதால் பாதியில் நிறுத்துகிற விடயம் ஒன்றுதான். அதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். நம் உடம்பின் உயிர்க்கலங்களுக்கு இழுப்பும் அமுக்கமும் மருந்து. எந்த மருந்துக்கும் உள்ள அளவு இதற்கும் உண்டு. வேளை உண்டு, இடைவேளையும் உண்டு. குறைந்தாலும் கெடும், மிஞ்சினாலும் கெடும்.

கை காய்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கரைவலை இழுப்பவரின் கையில் காய்ப்பு எங்கே இருக்கும், மருதமுனைத் தறிக்காரரின் கையில் எங்கே இருக்கும், சம்மாந்துறை வட்டையில், அதாவது வயல்வெளியில், மண்வெட்டி பிடிப்பவரின் கையில் எங்கே இருக்கும் என்பது வெவ்வேறு. உராய்வு விழும் இடத்தில் மட்டும் தோலின் கலங்கள் வேகமாகப் பெருகித் தடிப்பாகின்றன. சில மாதம் வேலை நின்றால் காய்ப்பும் கரைந்துபோகிறது. தோலில் இதைக் கண்ணால் பார்ப்பதால் நம்புகிறோம். எலும்பு விடயத்தில் மட்டும் நம்ப மறுக்கிறோம். எலும்பு என்றால் உயிரில்லாத கல், ஒட்டும்வரை அதைத் தொடக்கூடாது என்பதே பலருடைய எண்ணம்.

எலும்பு கல் அல்ல என்பதை மருத்துவ உலகம் அறிந்து நெடுங்காலமாகிறது. பெர்லினில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த ஜூலியஸ் வொல்ஃப் 1892இல் வெளியிட்ட நூலில், எலும்பு தான் சுமக்கும் பாரத்துக்கு ஏற்பத் தன் உள் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று எழுதினார். (காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் அதே ஆண்டுதான். தமிழ்ப் பண்டிதராகவே அவரை நினைவுகூர்கிறோம். அவர் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்று விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.) வொல்ஃப் சொன்னதற்குப் பின்னாளில் வந்த சான்றுகளில் எனக்குப் பிடித்தது 1977இல் வெளியான ஓர் ஆய்வு. சிறு வயதிலிருந்தே டென்னிஸ் விளையாடிய வீரர்களின் இரு மேற்கைகளையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். மட்டை பிடிக்கும் கையின் எலும்புச் சுவர் மற்றக் கையினுடையதைவிட ஆண்களில் ஏறத்தாழ 35 சதவீதம் தடிப்பாக இருந்தது. ஒரே உடம்பு, ஒரே சாப்பாடு, ஒரே இரத்தம். வேறுபட்டது விசை மட்டும்தான்.

இதன் மறுபக்கத்தை விண்வெளி வீரர்களிடம் காணலாம். எடையில்லாத அந்தச் சூழலில் அவர்களுடைய இடுப்பு எலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம்வரை அடர்த்தியை இழக்கிறது. மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பவரின் எலும்பும் அந்தத் திசையிலேயே போகிறது. அன்போடு நாம் கொடுக்கும் ஓய்வு எலும்பின் கணக்கில் பட்டினி.

எலும்புக்கு இதை யார் சொல்கிறார்கள்? எலும்பினுள்ளேயே சிறைப்பட்டு வாழும் கலங்கள்தான். ஒஸ்டியோசைற் என்று பெயர். வளர்ந்த ஒருவரின் எலும்புக் கலங்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இவையே. மனித எலும்புக்கூட்டில் ஏறத்தாழ 4,200 கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கல்சியத்தால் சூழப்பட்ட சிறு குழியில் இருந்துகொண்டு, நுண்ணிய வாய்க்கால்கள் வழியே தன் விரல்களை நீட்டி அயல்கலங்களைத் தொட்டபடி இருக்கிறது. நாம் ஓர் அடி எடுத்து வைக்கும்போது எலும்பு மிக மிகச் சிறிதளவு வளைகிறது. நடக்கும்போது ஏற்படும் உருமாற்றம் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. ஆனால் அந்தச் சிறு வளைவு வாய்க்கால்களில் உள்ள திரவத்தைத் தள்ளிவிடப் போதும். ஓடும் திரவம் கலத்தின் விரல்களை உரசுகிறது. அந்த உரசலை உணர்ந்த கலம் ஸ்கிளெரோஸ்ரின் என்ற புரதத்தைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்கிறது. இந்தப் புரதத்தின் வேலை எலும்பு கட்டும் கலங்களைத் தடுத்து வைத்திருப்பது. தடை குறைந்ததும் கட்டுமானம் தொடங்கிவிடுகிறது. படுத்தே கிடந்தால் திரவம் அசையாது, தடையும் விலகாது.

பரம்பரையாகவே ஸ்கிளெரோஸ்ரின் இல்லாத குடும்பங்கள் தென்னாபிரிக்காவில் இருக்கின்றன. அவர்களுடைய எலும்புகள் அளவுக்கு மீறித் தடித்தவை. அவர்களைப் படித்தே இந்தப் புரதத்தைக் கண்டுகொண்டார்கள். பின்னர் அதை முடக்கும் மருந்தொன்று 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த ஊசி செய்யும் வேலையின் ஒரு பகுதியைக் கல்லடிப் பாலத்தில் காலையில் நடப்பவர்கள் காசில்லாமல் செய்துகொள்கிறார்கள்.

அளவைப் பற்றிச் சொன்னேன். 1984இல் கிளின்டன் ரூபின், லான்ஸ் லான்யன் இருவரும் சேவல்களின் சிறகெலும்பில் ஒரு சோதனை செய்தார்கள். அந்த எலும்புக்கு வேறு பாரம் எதுவும் கிடைக்காதபடி செய்துவிட்டு, கருவியால் நாளொன்றுக்கு எண்ணிக்கை வைத்து அமுக்கினார்கள். ஒரு முறைகூட அமுக்காதபோது எலும்பு கரைந்தது. நாளுக்கு 4 முறை அமுக்கினால் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டது. 36 முறையில் எலும்பு வளர்ந்தது. 1,800 முறை அமுக்கியபோதோ, 36 முறையில் கிடைத்ததைவிட மேலதிகமாக எதுவும் கிடைக்கவில்லை! கலங்கள் கொஞ்ச நேரத்தில் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. பின்னர் எலிகளில் செய்த ஆய்வுகளில், ஒரே தொகையை ஒரே மூச்சில் கொடுப்பதைவிட நாளுக்கு நான்கு தடவையாகப் பிரித்து, இடையில் சில மணி நேர ஓய்வோடு கொடுத்தபோது எலும்பு கூடுதலாக உருவானது. அசைவில்லாமல் வைத்த பாரத்தால் பயனில்லை என்பதும் தெரியவந்தது. பாரம் ஏற வேண்டும், இறங்க வேண்டும்.

இதனால்தான் என் நோயாளிகளுக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று வேளை நடை எழுதிக் கொடுக்கிறேன். ஒரு மணி நேரம் தொடர்ந்து நடந்து வீரம் காட்ட வேண்டாம், பத்துப் பத்து நிமிடமாக நடந்தால் போதும் என்கிறேன். "குளிசைத் துண்டில் எழுதுவதுபோல் எழுதியிருக்கிறீர்களே மகள்" என்று கொக்கட்டிச்சோலைப் பக்கத்து முதியவர் ஒருவர் கேட்டார். குளிசைதான் என்று அவரிடம் சொன்னேன். ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: முறிந்த காலை எப்போது ஊன்றலாம், எவ்வளவு ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அவர் சொன்ன நாளுக்கு முன்னர் ஊன்றுவது பிழை. அவர் சொன்ன பிறகும் ஊன்றாமல் இருப்பதும் அதே அளவு பிழை.

சரி, உரசலை ஒரு கலம் எப்படி உணர்கிறது? அதற்கு மூளை இல்லை, நரம்பும் இல்லை. இந்தக் கேள்விக்கான விடையின் பெரும் பகுதி 2010இல்தான் கிடைத்தது. கண்டுபிடித்தவர் ஆர்டெம் பட்டப்பூட்டியன். 1967இல் பெய்ரூட்டில் ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தவர். லெபனானில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருக்கு எட்டு வயதுகூட ஆகியிருக்காது. 1986இல் அமெரிக்காவுக்குப் போனார். அந்த வயதில் போரைப் பார்த்து வளர்ந்தவர்கள் எங்கள் மண்ணில் எத்தனையோ பேர் இருப்பதால், அவருடைய வாழ்க்கையை வாசித்தபோது என்னால் அதை வெறும் தகவலாகக் கடந்துபோக முடியவில்லை.

அவரும் அவருடைய ஆய்வுகூடத்தில் இருந்த பெர்ட்ரண்ட் கொஸ்தும் எலியின் ஒருவகைக் கலத்தை எடுத்துக்கொண்டார்கள். நுண்ணிய கண்ணாடி ஊசியால் மெல்லக் குத்தினால் அந்தக் கலத்தில் ஒரு சிறு மின்னோட்டம் பிறந்தது. குத்தலை உணரும் புரதம் எதுவென்று அறிய, சந்தேகத்துக்குரிய பரம்பரையலகுகளை, அதாவது ஜீன்களை, பட்டியலிட்டு, ஒவ்வொன்றாக முடக்கி, மீண்டும் மீண்டும் குத்திப் பார்த்தார்கள். 71 பரம்பரையலகுகளை முடக்கியும் மின்னோட்டம் நிற்கவில்லை. பட்டியலில் 72ஆவதாக இருந்ததை முடக்கியபோது கலம் மௌனமானது. பியேசோ 1 என்று அதற்குப் பெயரிட்டார்கள்; அதன் உடன்பிறப்பான பியேசோ 2 விரைவில் கிடைத்தது. 2021இல் மருத்துவ நோபல் பரிசு, வெப்ப உணர்வை ஆராய்ந்த டேவிட் ஜூலியஸுக்கும் பட்டப்பூட்டியனுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தோற்றுப்போன அந்த 71 முயற்சிகளைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஐம்பதாவதோடு கைவிட்டிருந்தால் யாரும் அவர்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

பியேசோ என்பது கலத்தின் மென்சவ்வில் பதிந்திருக்கும் பெரிய புரதம். மூன்று நீண்ட கிளைகள் நடுவில் ஒரு துளையில் கூடுகின்றன. சாதாரணமாக அது தன்னைச் சுற்றியுள்ள மென்சவ்வையும் சேர்த்துக் குழிவாக வளைத்து வைத்திருக்கிறது. மென்சவ்வு இழுபட்டால் குழிவு தட்டையாகிறது, துளை திறக்கிறது, கல்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கல்சியத்தோடு கலத்தின் உள்ளே அடுத்தடுத்த வேலைகள் தொடங்கிவிடுகின்றன. எலிகளின் எலும்புக் கலங்களில் பியேசோ 1ஐ நீக்கிப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வுகளில் அவற்றின் எலும்புகள் மெலிந்துபோயின.

பியேசோ 2 எங்கள் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. கை எங்கே இருக்கிறது, கால் எந்தக் கோணத்தில் மடங்கியிருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே அறிகிறோம் அல்லவா? அது இந்தப் புரதத்தின் உதவியால்தான். பிறவியிலேயே பியேசோ 2 செயற்படாத இருவரைப் பற்றி 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கண்ணைத் திறந்திருந்தால் அவர்கள் சிரமப்பட்டு நடந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் ஓர் அடிகூட ஒழுங்காக வைக்க முடியவில்லை. பக்கவாதம் வந்து கால் உணர்வை இழந்தவர்கள் குனிந்து தங்கள் பாதத்தையே பார்த்தபடி நடப்பதை நான் வார்டில் தினமும் பார்க்கிறேன். காரணம் வேறு, அவர்களுக்குப் பழுதானது மூளை. ஆனால் இழப்பு ஒரே இழப்பு.

இதுவரை சொன்னது, வெளியிலிருந்து வரும் விசையைக் கலம் உணர்வதைப் பற்றி. அதைவிட வியப்பானது, கலம் தானே தன் சுற்றத்தை இழுத்துப் பார்க்கிறது என்பது. கல்லடிக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களைக் கவனித்திருப்பீர்கள். மீன் சேரும் வலையின் மடி எவ்வளவு பாரமாக வருகிறது என்பது கயிற்றைப் பிடித்திருப்பவரின் தோளுக்குத் தெரியும்; மடி கண்ணுக்குத் தெரிய முன்னரே தோள் கணக்குச் சொல்லிவிடும். கலமும் அப்படித்தான் அறிகிறது. இன்ரெக்ரின் என்ற புரதங்களால் வெளியே உள்ள நாரைப் பற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து தன் தசைப் புரதங்களால் இழுக்கிறது. இரண்டுக்கும் இடையில் ரேலின் என்ற புரதம் கயிறாக நிற்கிறது. வெளிப்பக்கம் இளகிக் கொடுத்தால் ரேலின் மடிந்தபடியே இருக்கும். வெளிப்பக்கம் உறுதியாக நின்றால், சில பிக்கோநியூட்டன் விசையிலேயே ரேலினின் மடிப்புகள் அவிழ்கின்றன. ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அவிழ்ந்த இடத்தில் வேறு புரதங்கள் வந்து ஒட்டிப் பிடியை இறுக்குகின்றன. செய்தி கலத்தின் கரு வரைக்கும் போகிறது. யாப் என்ற புரதம் கருவுக்குள் நுழைந்து, எந்தப் பரம்பரையலகுகள் விழிக்க வேண்டும் என்பதை மாற்றுகிறது. யாப்பின் இந்தப் பங்கை இத்தாலியில் ஸ்ரெபனோ பிக்கோலோவின் குழு 2011இல் காட்டியது.

இதன் விளைவு எவ்வளவு பெரிது என்பதை 2006இல் பென்சில்வேனியாவில் டெனிஸ் டிஷ்ஷரும் அடம் எங்லரும் செய்த சோதனையில் காணலாம். எலும்பு மச்சையிலிருந்து எடுத்த, பல வகைக் கலங்களாக மாறக்கூடிய ஒரே வகை மூலக் கலங்களை, ஒரே ஊட்டத் திரவத்தில், வெவ்வேறு இறுக்கமுள்ள ஜெல்களின் மேல் வளர்த்தார்கள். மூளையளவு மென்மையான ஜெல்லில் வளர்ந்தவை நரம்புக் கலங்களின் சாயலைக் காட்டின. தசையளவு இறுக்கத்தில் வளர்ந்தவை தசையின் பக்கம் சாய்ந்தன. அதைவிடக் கடினமானதில் வளர்ந்தவை எலும்பின் பக்கம் போயின. கலத்தின் விதியில் அது நிற்கும் தரைக்கும் ஒரு சொல் உண்டு. பல ஆண்டுகள் உயிரியலை வெறும் இரசாயனமாகவே படித்த எனக்கு, இந்த ஆய்வைப் படித்த நாள் பெரிய நாள்.

காதைப் பற்றி ஒரு வரி சொல்லாவிட்டால் மட்டக்களப்பார் என்னை மன்னிக்க மாட்டார்கள். கல்லடிப் பாலத்தடியில் நிலா இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை வாவியில் விட்டு மறு முனையைக் காதோடு வைத்து மீன் பாடுவதைக் கேட்கும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த ஒலி கடைசியில் போய்ச் சேர்வது உட்காதின் மயிர்க் கலங்களில். மிக மெல்லிய ஒலிக்கு அவற்றின் நுனிகள் ஓர் அணுவின் பருமனளவே அசைகின்றன. நுனிகளை இணைக்கும் நுண்ணிழை இழுபடுகிறது, கலத்தின் வாசல் திறக்கிறது. கேட்பது என்பதும் தொடுவதுதான்.

இனி, மிஞ்சினால் என்ன ஆகும் என்பது. நம் பகுதியில் கொழுப்புக் கல்லீரல் இல்லாத வீடே இல்லை என்னும் அளவுக்கு ஸ்கான் அறிக்கைகள் வருகின்றன. கல்லீரலின் இறுக்கத்தை இப்போது வெளியிலிருந்தே கருவியால் அளந்து கிலோபஸ்கால் என்ற அலகில் சொல்கிறார்கள். நலமான கல்லீரல் பொதுவாக 7க்குக் கீழே இருக்கும். நார்படிந்து சுருங்கிய கல்லீரல் 12ஐத் தாண்டிவிடும். இறுக்கம் நோயின் விளைவு மட்டும் என்றுதான் முன்னர் நினைத்தார்கள். ஆனால் கல்லீரலின் சில கலங்கள் இறுகிய தரையை உணர்ந்ததும் நார் சுரக்கும் கலங்களாக மாறுகின்றன. நார் கூடத் தரை இன்னும் இறுகுகிறது. இறுகிய தரை இன்னும் நாரைச் சுரக்கச் செய்கிறது. நோய் தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் இந்தச் சுழல்தான் என்னை அச்சப்படுத்துகிறது. ஆரம்பத்திலேயே எடையைக் குறைத்தால் சுழலை நிறுத்த முடியும் என்பதால், ஸ்கான் துண்டை அலுமாரிக்குள் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களிடம் கோபமும் வருகிறது.

முழங்கால் வலிக்காரர்களுக்கும் ஒரு சொல். மூட்டில் உள்ள குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் இல்லை. காலை ஊன்றும்போது அதிலுள்ள திரவம் பிழியப்பட்டு, எடுக்கும்போது மீண்டும் உறிஞ்சப்படுகிறது. அந்தப் போக்குவரத்து அதன் ஊட்டத்துக்கு உதவுகிறது. "தேய்ந்த மூட்டை மேலும் தேய்க்காதே" என்று நாற்காலியில் உட்கார்த்தி வைக்கப்பட்ட அம்மம்மாவின் மூட்டுக்கு அந்த உதவியும் கிடைப்பதில்லை.

விசையின் அளவை மருத்துவமாக்கியவர்களில் இருவரை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் கவ்ரீல் இலிசரோவ். சைபீரியாவின் குர்கன் நகரில், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஒட்டாத எலும்புகளோடு வந்தவர்களுக்கு வைத்தியம் செய்தவர். எலும்பை அறுத்து, இரு துண்டுகளையும் வளையங்களால் பிடித்து, நாளுக்கு 1 மில்லிமீற்றர் வீதம் விலக்கினால் இடைவெளியில் புதிய எலும்பு வளர்கிறது என்று கண்டார். அந்த 1 மில்லிமீற்றரையும் நான்கு தடவையாகப் பிரித்தே கொடுக்க வேண்டும். நாளுக்கு 2 மில்லிமீற்றர் இழுத்தால் எலும்பு ஒழுங்காக உருவாகாது; அரை மில்லிமீற்றர் என்றால் நீளுவதற்கு முன்னரே ஒட்டிக்கொள்ளும். வெடியில் காலின் ஒரு பகுதியை இழந்தவர்களை அறிந்த ஊரில் இந்த எண்களுக்கு இருக்கும் கனம் வேறு.

மற்றவர் இக்னாசியோ பொன்செற்றி. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வைத்தியராகப் பணியாற்றி, நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் அமெரிக்காவின் அயோவாவுக்குப் போனவர். ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்று, பாதம் உள்நோக்கி வளைந்து பிறக்கிறது. அதற்குப் பெரிய சத்திரசிகிச்சையே வழி என்று உலகம் நினைத்த காலத்தில், வாரம் ஒரு முறை பாதத்தை மெல்ல நீட்டிப் பிடித்து, அந்த நிலையில் தொடை வரைக்கும் பிளாஸ்ரர் போட்டு, அடுத்த வாரம் கழற்றி இன்னும் கொஞ்சம் நீட்டிப் பிடிக்கும் முறையை அவர் உருவாக்கினார். ஐந்தாறு பிளாஸ்ரர்களில் பாதம் நேராகிவிடுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் குதிக்கால் தசைநாணைச் சிறிதாக வெட்டிவிட வேண்டும். அதன் பின் மூன்று வாரம் கடைசிப் பிளாஸ்ரர். 1940களின் இறுதியில் தொடங்கிய முறை. உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது 1990களின் பிற்பகுதியில்தான். அதற்குள் எத்தனை குழந்தைகளின் பாதங்கள் தேவையில்லாமல் வெட்டப்பட்டிருக்கும்!

பிளாஸ்ரர் முடிந்த பிறகுதான் கடினமான பகுதி. கம்பியொன்றால் இணைத்த இரண்டு சப்பாத்துகளை முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரமும், பின்னர் நான்கு வயது வரைக்கும் உறங்கும் நேரத்திலும் போட வேண்டும். பாதம் மீண்டும் வளைவதற்கு முதற் காரணம் இந்தச் சப்பாத்தை இடையில் நிறுத்துவதுதான். வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தாய் ஒருத்தி சென்ற மாதம் என்னிடம் கேட்டார்: "பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான். பாதம் மற்றப் பிள்ளைகளின் பாதம்போலத்தானே இருக்கிறது, இன்னும் ஏன் மிஸ் இந்தக் கம்பி? இரவில் அழுகிறான்." அவருடைய களைப்பு நியாயமானது, அதை முதலில் ஒப்புக்கொண்டேன். பிறகு சொன்னேன்: பாதத்தை உள்ளே இழுத்த தசைநார்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. இந்த வயதில் பாதம் வேகமாக வளர்கிறது. அதன் சிறு எலும்புகள் பலவற்றில் இன்னும் குருத்தெலும்பே மிகுதி. ஒவ்வோர் இரவும் புதிதாக உருவாகும் நாரும் எலும்பும் அந்த இரவில் பாதம் எந்த நிலையில் இழுபட்டு நிற்கிறதோ அதற்கேற்பவே அமைகின்றன. அவர் சப்பாத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடது வார் தளர்ந்திருக்கிறது, அதை மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மாற்றிக் கொடுத்தோம்.